கருவாடு சமைக்காத வீட்டில் கருவாட்டு வாடை: வாசகர் கேள்வி பதில்

வெயில் உச்சிக்குப் போவதற்குள் வீட்டில் தீப்பிடிப்பது பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் கேஸ் பற்றித்தான், அதனால் அதிலேயே ஆரம்பிக்கிறேன்.

கே: காலையில் சமையலறைக்குள் போனால் லேசாக கேஸ் வாடை. சிலிண்டர் தீரப் போகிறது, அப்படித்தான் இருக்கும் என்கிறார் மாமியார். லைட்டைப் போட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. பயப்பட வேண்டுமா? (வாசகி, காட்பாடி)

மாமியார் சொல்வது பாதி சரி, அம்மா. கேஸுக்கு என்று தனியாக வாடை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றச் சரக்கைக் கலக்கிறார்கள், அது கேஸைவிட மெதுவாக ஆவியாவதால் அடியில் தங்கிப்போய், தீருகிற நேரத்தில் தூக்கலாக அடிக்கும். ஆனால் வாடை வெளியே வந்தால் கேஸும் வெளியே வருகிறது என்றுதான் கணக்கு. ராத்திரி முழுக்க அடுப்பு அணைந்து கிடந்த சமையலறையில் அது வரவே கூடாது.

உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது "லைட்டைப் போட்டு" என்று போகிற போக்கில் எழுதியிருந்த இடம். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சின்னதாக ஒரு பொறி பறக்கும், கேஸுக்கு அது போதும். இருட்டில் நுழைந்தால் கை தானாகச் சுவிட்சுக்குத்தான் போகும், அந்தக் கையைத்தான் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தவழும், எனவே ஜன்னல் மட்டும் பத்தாது, பின்கதவைத் திறந்து விடுங்கள். ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட்டு, சிலிண்டரோடு கயிற்றில் தொங்குமே அந்த பிளாஸ்டிக் மூடி, அதை வால்வில் அழுத்தி மாட்டுங்கள். அப்புறம் வீட்டில் இருக்கிற எல்லாரும் வெளியே வந்து, வெளியே நின்றபடி 1906-க்குப் போன் பண்ணுங்கள், கேஸ் கசிவுக்கென்றே இருக்கிற எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அணைக்கலாம், உள்ளே இருந்தால் தொடாதீர்கள். சிலர் வீட்டில் ஃபிரிட்ஜும் சமையலறையிலேயே இருக்கிறது, அது யாரும் தொடாமலே அணைந்து அணைந்து ஓடும், அதனால்தான் உள்ளே நின்று யோசிக்க வேண்டாம் என்கிறேன்.

கசிவு பெரும்பாலும் வால்வுக்குள் இருக்கிற கறுப்பு ரப்பர் வளையத்தில்தான் இருக்கும். சிலிண்டர் போட வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பாமல், சீலை உடைத்து வளையம் இருக்கிறதா, சோப்பு நுரை வைத்தால் குமிழி விடுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. தீக்குச்சி உரசிச் சோதிக்கிறவர்களை இன்னமும் பார்க்கிறேன், அவர்களுக்கு என்ன சொல்வது! கேஸ் டியூபின் மேலேயே வருஷம் அச்சடித்திருக்கும், 5 வருஷம் தாண்டியிருந்தால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கே: ஏசியும் கிரைண்டரும் சேர்ந்து ஓடினால் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. எலக்ட்ரீஷியன் 16 ஆம்பியருக்குப் பதிலாக 32 போட்டால் தொல்லை இருக்காது என்கிறார். போடலாமா? (வாசகர், சத்துவாச்சாரி)

கூடாது சார். ஏசிக்காரனுக்கு வேண்டுமானால் தொல்லை இருக்காது, சுவருக்குள் இருக்கிற ஒயருக்கு இருக்கும். எம்சிபி அந்த ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, ஒயர் தாங்குகிற அளவுக்குத்தான் அதன் எண். 32 போட்டுவிட்டால் ஒயர் சூடாகி உருகுகிற வரைக்கும் அது சும்மாவே உட்கார்ந்திருக்கும். ஒன்றரை டன் ஏசி ஒன்றே 7, 8 ஆம்பியர் இழுக்கும், அதற்கு மீட்டர் பெட்டியிலிருந்து தனி ஒயர், தனி எம்சிபி, அவ்வளவுதான் வைத்தியம். செலவுதான், என்ன செய்வது, நம்ம வேலூர் வெயிலில் ஏசி வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மே மாதம் இரண்டு நாளாகக் கூடத்தில் கருவாட்டு வாடை. வீட்டில் கருவாடு வாங்கவே இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மேல் பழியைப் போட்டு வைத்திருந்தோம். மூன்றாம் நாள் அயர்ன் பாக்ஸ் சொருகப் போனால் பிளக் பாயின்ட் தொட முடியாமல் சுடுகிறது. மெயினை அணைத்துவிட்டுப் பழைய மரப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு திருகு தளர்ந்து, ஒயர் மேல் இருந்த சிவப்பு உறை வெல்லப்பாகு மாதிரி பழுப்பாகிப் போயிருந்தது. சூடாகிற சில சுவிட்ச், பிளக் சாமான்களில் மீன் வாடை வரும் என்று படித்திருந்தும் என் மூக்குக்கு உறைக்கவில்லை. இப்படித் தளர்ந்த இணைப்பை எம்சிபியும் கண்டுபிடிக்காது, கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கிற ஆர்சிசிபியும் கண்டுபிடிக்காது. ஷாக் அடிக்காமல் இருக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும், ஆனால் அது இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

கே: பூரி போடும்போது எண்ணெய் தீப்பிடித்துவிட்டது, தண்ணீரை ஊற்றப் போனேன், மகள் தடுத்துவிட்டாள். யார் சரி? (வாசகி, ஆம்பூர்)

மகள்தான். அவளுக்கு ஒரு பூரி அதிகம் வையுங்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் வாரி இறைக்கும். கைக்கு எட்டினால் அடுப்பை அணையுங்கள், பெரிய தட்டையோ மூடியையோ பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள், சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், ஆறுகிற வரைக்கும் மூடியைத் திறக்காதீர்கள். கையில் சுட்டுவிட்டால் டூத்பேஸ்ட், மாவு, இங்க் ஒன்றும் வேண்டாம், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம்.

கே: எலக்ட்ரிக் ஸ்கூட்டரை மாடிப்படிக்குக் கீழே ராத்திரியில் சார்ஜ் போடுகிறோம், வேறு இடமில்லை. தப்பா? (வாசகர், குடியாத்தம்)

தம்பி, 2022 மார்ச்சில் நம்ம வேலூரிலேயே ராத்திரி சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து, வீட்டுக்குள் இருந்த ஒரு அப்பாவும் பெண்ணும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். தீ எட்டுவதற்கு முன்னாலேயே புகை ஆளை முடித்துவிடும், படிக்கட்டோ புகைபோக்கி மாதிரி அந்தப் புகையை நேராக மேலே இழுத்துக்கொண்டு போகும். வெளியே வர இருக்கிற ஒரே வழியில் வண்டியை வைத்துச் சார்ஜ் போடுவது எனக்கு ஒத்துவரவில்லை. நீங்கள் விழித்திருக்கிற நேரத்தில் போடுங்கள், சாயங்காலம் 7 மணிக்குப் போட்டுப் படுப்பதற்கு முன் எடுத்துவிடலாம். ஓட்டிவந்த சூட்டோடு சொருகாமல் ஆறவிட்டு, வண்டியோடு வந்த சார்ஜரில், எர்த் உள்ள பிளக்கில் நேராக. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தால் அன்றைக்கே சர்வீஸ்.

கே: வீட்டுக்குத் தீயணைப்பான் வாங்கலாமா? எங்கே மாட்டுவது? (வாசகர், ஆற்காடு)

வாங்குங்கள், மரம், எண்ணெய், கேஸ் மூன்றிலும் பிடிக்கிற தீக்கு ஆகிற ஏபிசி பவுடர் 2 கிலோ போதும். முள் பச்சையில் நிற்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கு மேலே மட்டும் மாட்டாதீர்கள், எரிகிற அடுப்பைத் தாண்டிக் கை நீட்டி எடுக்க முடியாது. சமையலறை வாசலுக்கு வெளியே, சின்னப் பெண்ணுக்கும் எட்டுகிற உயரத்தில் மாட்டுங்கள்.