பக்கத்தில் நின்றவரைக் குண்டு எப்படித் தேடி வந்தது?

கேள்வி: நானும் நண்பரும் முறையான உரிமத்துடன் முயல் வேட்டைக்குப் போகிறவர்கள். பல வருடங்களாக 12 கேஜ் (குழல் அளவு) ஷாட்கன்னில், அதாவது ஒரே தோட்டாவில் பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கியில், நம்பர் 6 அளவு ஈயக் குண்டுதான் போட்டு வந்தேன். இந்தப் பருவத்தில் ஸ்டீலுக்கு மாறினேன். கல் பரவிய சமதரையில், சுமார் 25 மீட்டரில் ஓடிய முயலைச் சுட்டபோது, எனக்கு வலப்பக்கம் கொஞ்சம் முன்னே தள்ளி நின்ற நண்பரின் ஜாக்கெட்டில் ஒரு குண்டு வந்து செருகிக்கொண்டது. காயம் இல்லை. என் குழல் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சோக் (குண்டுகள் விரிவதைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கம்) அகலமாக இருந்ததுதான் காரணமா? பழையபடி ஈயத்துக்கே போய்விடலாமா?

பதில்: சோக்கைக் குறை சொல்லாதீர்கள். சோக்கே இல்லாத குழலில்கூட 25 மீட்டரில் குண்டுக் கூட்டம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் விரியும். கூட்டத்திலிருந்து விலகிப் போகும் ஓரிரண்டு குண்டுகளும் பக்கவாட்டில் நிற்கும் ஆளை எட்டாது. உங்கள் நண்பர் மேல் பட்டது தரையில் மோதித் தெறித்த குண்டு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். தோளில் வைத்த துப்பாக்கி தரையிலிருந்து ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். 25 மீட்டர் தள்ளி ஓடும் முயலைச் சுட்டால், குண்டு தரையைத் தொடும் கோணம் 3 டிகிரிதான். கண்ணுக்கு நாம் கீழ்நோக்கிச் சுடுவதுபோலத் தெரியும். குண்டோ தரையை உரசிக்கொண்டு போகிறது, குளத்தில் பிள்ளைகள் விடும் தவளைக்கல் மாதிரி. இவ்வளவு சிறிய கோணத்தில் உரசும்போது வேகத்தில் பெரும்பகுதி அப்படியே மிஞ்சும். அதே முயல் 10 மீட்டரில் இருந்தால் கோணம் 8 டிகிரி ஆகும், தெறிப்பைத் தவிர்க்க அதுவும் போதாது. ஆக, சமதரையில் முயலைச் சுடுவது என்றாலே தெறிப்புக்கு ஏற்ற கோணத்தில் சுடுவதுதான். குண்டைத் தரை விழுங்குமா, திருப்பி அனுப்புமா என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.

உழுத மண்ணும் ஈரமான புல்தரையும் பெரும்பாலும் விழுங்கிவிடும். தட்டையான பாறை குண்டைத் தன் பரப்பை ஒட்டியே தாழ்வாக அனுப்பும். உங்கள் இடம் இவை இரண்டையும்விட மோசம். உடைந்த கற்களில் ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு பக்கம் பார்க்கிறது. அமெரிக்க அளவுக் குறியீட்டின்படி 28 கிராம் குண்டு அடைத்த தோட்டாவில் நம்பர் 6 ஈயம் என்றால் 225 குண்டுகள், ஸ்டீல் என்றால் 315 அளவில். முயலில் பட்டது ஐந்தாறு இருக்கும். மீதியெல்லாம் கல்லில் போய் விழுந்து, அந்தந்தக் கல்லின் முகம் சொன்ன திசைக்குப் பிரிந்து போயின. அதில் ஒன்று வலப்பக்கம் வந்தது.

ஸ்டீலுக்கு இதில் பங்கு உண்டு. ஈயம் மென்மையானது. கல்லில் மோதினால் நசுங்கும், சிதறும், அதிலேயே சக்தியை இழக்கும். ஸ்டீல் உருண்டையாகவே கிளம்பிப் போகும். சுட்ட இடத்துக்கு இன்னொரு முறை போனால் கற்களைக் குனிந்து பாருங்கள். ஈயம் பட்ட இடத்தில் பென்சிலால் தேய்த்ததுபோலச் சாம்பல் நிறப் பளபளப்பு தீற்றியிருக்கும். ஸ்டீல் பட்ட இடத்தில் உளி நுனியால் கொத்தியதுபோல வெளுத்த புள்ளி மட்டும் இருக்கும், உலோகமே ஒட்டியிருக்காது. ஒட்டாதது எங்கே போயிற்று என்று தலையைத் தூக்கிப் பார்த்தால், நண்பர் நின்ற இடம் தெரியும்.

அதற்காக ஈயத்துக்குத் திரும்பினால் தீர்ந்துவிடுமா என்றால், தீராது. உறைந்த தரை, பனிக்கட்டி, தண்ணீர் மூன்றிலும் ஈயமும் தெறிக்கும். உருண்டைக் குண்டு நீரில் எகிறும் உச்சக் கோணம் ஈயத்துக்கு 5 டிகிரிக்குச் சற்று மேல், ஸ்டீலுக்கு 6 டிகிரிக்குச் சற்று மேல். நின்றபடி சுடுபவருக்கு ஏறத்தாழ 15 மீட்டருக்கு அப்பால் உள்ள நீர்ப்பரப்பு முழுவதும் இந்தக் கோணத்துக்குள் வந்துவிடும். தண்ணீர்தானே, முழுங்கிவிடும் என்று நினைத்து எதிர்க்கரையில் ஆள் நிற்பதை மறந்துவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, ஈர நிலங்களில் ஈயத்துக்குத் தடையும் இருக்கிறது. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் நாடு முழுவதும் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈர நிலங்களிலும் அவற்றை ஒட்டியும் 2023 பிப்ரவரி முதல் தடை. பறவைகள் அந்தக் குண்டுகளை, இரையை அரைக்க இரைப்பையில் சேர்த்துக்கொள்ளும் சிறு கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. கல்நிலத்தில்தான் சுட்டாக வேண்டும் என்றால் பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த குண்டுகளைப் பாருங்கள். ஈயத்தைவிட அடர்த்தி குறைவு, விலை அதிகம், ஆனால் கல்லில் பட்டால் உடைந்து தூளாகும் சுபாவம் உள்ளது. என்னைக் கேட்டால், தோட்டாவை மாற்றுவதற்கு முன் இடத்தை மாற்றுவேன். முயல் கல்வெளியைத் தாண்டி மண்சரிவுக்கு வரும்வரை பொறுத்திருங்கள். 20 டிகிரி சரிவு எதிரே இருந்தால், அதே 3 டிகிரி குண்டு 23 டிகிரியில் மண்ணில் புதையும். வராவிட்டால் அன்றைக்கு முயல் பிழைத்துப் போகட்டும்.

அடுத்தது நண்பர் நின்ற இடம். "கொஞ்சம் முன்னே" என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் எனக்குத் திக்கென்றது. தெறிக்கும் குண்டில் பெரும்பாலானவை முன்னோக்கியும் முன்பக்கவாட்டிலும்தான் போகும். இருவரும் ஒரே வரிசையில் நடக்க வேண்டும். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும். சுடுவதற்கு முன் அவர் எங்கே இருக்கிறார் என்று குரல் கொடுத்துக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். நாய் கூட வந்தால் இன்னும் கவனம் தேவை. பாறையை ஒட்டித் தாழ்வாக வரும் குண்டு அதன் கண் மட்டத்தில்தான் வரும்.

இரண்டு பேரும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். லென்ஸிலும் ஃப்ரேமிலும் 'Z87+' என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் தரக் குறி பொறித்திருந்தால் அது வேகமான மோதலைத் தாங்குகிறதா என்று சோதிக்கப்பட்டது. சாதாரணக் கூலிங் கிளாஸ் போதாது. ஜாக்கெட்டில் நின்றுபோன குண்டு, சதையைத் துளைக்கும் வலு இல்லாதது கூட, கண்ணைப் போக்கிவிடும்.

ஒருவேளை கண்ணில் பட்டேவிட்டால் கசக்காதீர்கள், கழுவாதீர்கள், உள்ளே இருப்பதை எடுக்கப் பார்க்காதீர்கள். ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணைத் தொடாதபடி எலும்பு விளிம்பில் கவிழ்த்து ஒட்டி, நேரே மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முதலில் சொல்ல வேண்டியது, பட்டது ஸ்டீல் குண்டு என்பதை. ஸ்டீல் காந்தத்துக்கு இழுபடும். தெரியாமல் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அனுப்பினால், கண்ணுக்குள் இருக்கும் குண்டு அங்கேயே நகரும்.