நாயனம் முதல் நாடக கேசட் வரை: வலைப்பக்கத்தில் பாட்டும் வீடியோவும்

மதுரை சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் மதுரையில் வெப் டெவலப்பராக வேலை பார்ப்பவர்.

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, கல்யாண மண்டபத்து வெப்சைட்ல முகப்பு வீடியோ வச்சிருக்கேன். என் லேப்டாப்ல சத்தத்தோட தானா ஓடுது. ஓனர் போன்ல படம் அப்படியே நிக்குது. கோடு ஒண்ணுதான், ஏன் இப்படி?

பதில்: தம்பி, உங்கள் லேப்டாப் உங்களுக்கு மட்டும் சலுகை காட்டுகிறது. 2018 முதல் குரோம், சத்தமுள்ள வீடியோவைத் தானாக ஓட விடுவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் குரோம் ஒன்று செய்யும்: ஒரு சைட்டில் நீங்கள் அடிக்கடி சத்தத்தோடு வீடியோ பார்த்தால், அதைக் கணக்கு வைத்து அந்த சைட்டுக்கு அனுமதி கொடுத்துவிடும். நாள் முழுக்க அந்தப் பக்கத்தையே திறந்து மூடுகிற ஆள் நீங்கள். புது ஆளுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க, குரோமில் புது புரொஃபைல் போட்டுத் திறந்து பாருங்கள்.

வீடியோ டேக்கில் ஆட்டோபிளேயுடன் மியூட்டட் (சத்தமில்லாமல் ஓட), பிளேஸ்இன்லைன் (பக்கத்துக்குள்ளேயே ஓட) இரண்டையும் சேருங்கள். பிளேஸ்இன்லைன் விட்டுப்போனால் ஐபோனில் ஓடாது. பேட்டரி மிச்சப்படுத்தும் லோ பவர் மோடில் ஐபோன் இதையும் நிறுத்திவிடும் என்பதால், போஸ்டர் என்ற இடத்தில் நல்ல படம் ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள். சத்தத்துக்குத் தனி பட்டன் வையுங்கள். மண்டபம் தேடுகிறவர் பஸ்ஸில் இருக்கலாம், ஆபீசில் இருக்கலாம். சத்தம் அவர் விருப்பமாக இருக்கட்டும்.

மேலூரிலிருந்து: 3 நிமிஷ வீடியோ ஒன்று எங்கள் சர்வரில் இருக்கிறது. முழுக்க இறங்கின பிறகுதான் ஓட ஆரம்பிக்கிறது. நடுவில் தள்ளிப் பார்க்கவும் முடியவில்லை.

பதில்: இதில் இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. எம்பி4 கோப்புக்குள் மூவ் என்று ஓர் அட்டவணை உண்டு. எந்த நொடியின் படம் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதில்தான். பதிவு முடிந்தால்தான் அட்டவணை முழுமையாகும் என்பதால் பெரும்பாலான கருவிகள் அதைக் கடைசியில் எழுதுகின்றன. பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் இருக்கும் புத்தகம் மாதிரி. கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் கோரிக்கைக்குச் சர்வர் பதில் சொன்னால் பிரவுசர் கடைசிக்குத் தாவி அதை எடுத்துக்கொள்ளும். உங்கள் சர்வர் சொல்லவில்லை. அதனால் முழுசும் இறங்க வேண்டியிருக்கிறது, தள்ளிப் பார்ப்பதும் நடக்கவில்லை.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியில் சி காபி, மூவ்ஃப்ளாக்ஸ் ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்று கொடுத்தால் தரம் குறையாமல் சில நொடிகளில் அட்டவணை முன்னால் வந்துவிடும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் வெப் ஆப்டிமைஸ்டு என்ற கட்டத்தை டிக் செய்தால் போதும். பிறகு டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பக்கம் பாருங்கள். வீடியோவுக்கு எதிரே 206 (கேட்ட பகுதி மட்டும் வந்தது) என்று வந்தால் சரி. 200 (முழுக் கோப்பு) என்றே வந்தால் ஹோஸ்டிங்காரரிடம் ரேஞ்ச் பற்றிக் கேளுங்கள். ஐபோனின் சஃபாரி பிரவுசர் ரேஞ்ச் வசதி இல்லாமல் வீடியோவை ஓட்டவே ஓட்டாது.

கோப்பின் அளவையும் பாருங்கள். 720பி, நொடிக்கு 2 மெகாபிட் வைத்தால் 3 நிமிடத்துக்கு 45 எம்பி. ஒலிக்கு 128 கிலோபிட் சேர்த்தால் 48 எம்பி. போனில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் இது பல மடங்கு.

திருப்பரங்குன்றத்திலிருந்து: கோயில்ல நாயனமும் தவிலும் போன்ல ரெக்கார்டு பண்ணினா கரகரன்னு உடைஞ்சு வருது. எடிட்டிங்ல சரி பண்ண முடியுமாண்ணே?

பதில்: உடைந்த ஒலியை ஒட்ட முடியாது. மைக்கோ ரெக்கார்டரோ தாங்கும் எல்லையைத் தாண்டிய அலையின் உச்சி வெட்டுப்பட்டுப் போகிறது. வெட்டுப்பட்டது கோப்பிலேயே இல்லை. அதனால் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வாத்தியங்களுக்கு அந்த உழைப்பு தகும்.

நாயனத்தின் ஒலி அணசு என்ற அகன்ற அடிவாய் வழியாக நேராகப் பாய்கிறது. மைக்கை அணசுக்கு எதிரே வைத்தால் ஊதும் சீவாளியின் கூர்மை மட்டும் காதைக் குத்தும். இரண்டு மூன்று அடி தள்ளி, பக்கவாட்டில் 45 பாகை சாய்வாக வையுங்கள். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல் கூடு விழுகிற அடி கண்ணிமைக்கும் நேரத்தில் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். போனின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு அதைப் பார்த்து மொத்தச் சத்தத்தையும் அமுக்கும், பிறகு மெதுவாக ஏற்றும். அடிக்கு அடி நாயனம் உள்ளே போய் வெளியே வருவது போலக் கேட்பது இதனால்தான். தானியங்கியை அணைக்க வசதியுள்ள ரெக்கார்டிங் ஆப் போட்டு, தவில் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் பலமான இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். குறைவாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். அடிக்கடி எடுப்பவரென்றால் உச்சத்தை வெட்டாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்குவது நல்லது. ஆனால் மைக்கே திணறினால் அதுவும் காப்பாற்றாது.

கல்மண்டபத்தில் எதிரொலி அதிகம். தள்ளிப் போகப் போகக் குழம்பும். மின்விசிறிக் காற்று மைக்கில் படாமல் பஞ்சு உறை போடுங்கள்.

யூடியூபில் ஏற்றுவதற்கு முன் மொத்த ஒலியளவை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) பக்கமாகக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் இருந்தால் யூடியூப் குறைக்கும். கீழே இருந்தால் ஏற்றித் தராது.

அண்ணா நகரிலிருந்து: என் மகள் 5 கட்டையில் பாடியதை எடிட் செய்து போட்டேன். சுருதி இறங்கிக் கேட்கிறது. பாட்டு டீச்சர் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

பதில்: டீச்சர் காது தப்பவில்லை மேடம். வீடியோ ஒலி பொதுவாக நொடிக்கு 48,000 மாதிரிகள், சிடி ஒலி 44,100. 48,000இல் பதிந்ததை ஏதோ ஒரு கட்டத்தில் 44,100 என்று தவறாக எடுத்து ஓட்டினால் எல்லாம் மெதுவாகும், சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கும். 5 கட்டை 4க்கும் நாலரைக்கும் நடுவில் போய் நிற்கும். பாட்டின் நீளத்தைப் பாருங்கள்: 3 நிமிடப் பாட்டு 16 நொடி நீண்டிருந்தால் இதுதான். எடிட்டிங் புராஜெக்டை 48,000க்கு மாற்றி மூலக் கோப்பை மறுபடி அதில் சேருங்கள். பிட்ச் ஷிஃப்ட் போட்டுச் சரிக்கட்டாதீர்கள், கமகம் கெட்டுப்போகும்.

வாடிப்பட்டியிலிருந்து: தமிழ் சப்டைட்டில் வரவே மாட்டேங்குது.

பதில்: எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பின் பெயரை மட்டும், வலைப்பக்கம் கேட்கும் விடிடி என்று மாற்றினால் வராது. முதல் வரியில் வெப்விடிடி என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். நேரத்தில் நொடிக்குப் பிறகு கமா போய்ப் புள்ளி வர வேண்டும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் கேள்விக்குறி. கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்தால் குரோம் சப்டைட்டிலை ஏற்றாது, லோக்கல் சர்வர் வழியாகப் பாருங்கள்.

கே.கே. நகரிலிருந்து: புளூடூத் ஹெட்போனில் கீபோர்டு ஆப் வாசித்தால் சத்தம் பிந்துகிறது.

பதில்: வயர் போட்டதை வாங்குங்கள். புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிக்கவே நேரம் பிடிக்கும். வீடியோ பார்க்கையில் பிளேயர் படத்தையும் பிந்த வைத்துச் சமாளிக்கும். உங்கள் விரலைப் பிந்த வைக்க முடியாது.

உசிலம்பட்டியிலிருந்து: அப்பா வைத்திருந்த ஸ்பெஷல் நாடக கேசட்டுகள் முப்பது இருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

பதில்: ஐயா, முதலில் ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பிலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் இரண்டையும் உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. வெள்ளைப் பூஞ்சை தெரிகிறதைத் தனியே வையுங்கள். அதை ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். மற்றவற்றை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினால் இறுகிய டேப் இளகும். ஐந்து கேசட்டுக்கு ஒருமுறை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடைத்துக் காயவிடுங்கள்.

பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு வயர் போடுங்கள். வயர் டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் கிடைக்கும். லேப்டாப்பின் மைக் துளை வேண்டாம். பெரும்பாலும் அது மோனோ, லைன் அளவையும் தாங்காது. உம்மென்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே இரைச்சல் நின்றுவிடும். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை மயிரிழை அளவு திருப்பி, வசனத்தில் ‘ஸ’ கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். நாடகக் குரலின் தெளிவு அந்தத் திருகில் இருக்கிறது.

ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் 44,100, 16 பிட் வேவ் ஆகப் பதிந்தால் ஒரு மணிக்கு 635 எம்பி. ஃபிளாக் என்ற கோப்பு வடிவமாக்கினால் தரம் குறையாமல் சுருங்கும். இரைச்சல் நீக்குவதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். ஆர்மோனியத்தின் காற்றொலியைக்கூட அது இரைச்சல் என்று அழித்துவிடும்.

கோப்பின் பெயரில் ஊரும் வருடமும் வரட்டும். ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் யார் என்பதைக் கோப்பின் டேக்கிலேயே எழுதுங்கள். கேசட் உறையில் இல்லாத பெயர்களைக் குரலை வைத்துச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், பதியும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.