சுன்னத் செய்துகொண்டால் எச்.ஐ.வி. வராதா?

கேள்வி: எனக்கு வயது 34. திருமணமாகிவிட்டது. வேலைக்காக மாதக்கணக்கில் வெளியூரில் தங்குகிறேன். சில தவறுகள் நடந்திருக்கின்றன. கடைசியாக நடந்து இரண்டு மாதம் ஆகிறது. 'முன்தோலை நீக்கினால் எச்.ஐ.வி. ஆபத்து 60 சதவீதம் குறையும், ஆணுறை தேவையில்லை, வாழ்நாள் பாதுகாப்பு' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு மருத்துவமனைக்குப் போனேன். 'லேசர் முறை, மறுநாளே எல்லாம் சகஜம்' என்றார்கள். முன்பணம் கட்டிவிட்டேன். செய்துகொள்ளலாமா? என் மனைவிக்கும் இது பாதுகாப்புதானே?

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன். பணம் வாங்குவதற்கு முன் அங்கே உங்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்தார்களா? நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. செய்யவில்லை என்றே நினைக்கிறேன். அப்படியானால் அந்த இடத்தை இப்போதே மறந்துவிடுங்கள்.

60 சதவீதம் என்பது உண்மையான கணக்குதான். ஆணுறை தேவையில்லை, வாழ்நாள் பாதுகாப்பு என்பவை இரண்டும் வியாபாரத்துக்காகப் பின்னால் ஒட்டியவை. கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்சு ஃபார்ம் என்ற இடத்தில் 3,274 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2005-இல் முடிவு வெளியானது. பாதிப் பேருக்கு உடனே முன்தோலை நீக்கினார்கள். மீதிப் பேரைக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 49 பேருக்குத் தொற்று வந்தது, அறுவை செய்துகொண்டவர்களில் 20 பேருக்கு. கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வுகள் ஏறக்குறைய இதே மாதிரி வந்ததும், 2007-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தது. முன்தோலின் உள்பக்கம் மெல்லியது, கிருமி பற்றிக்கொள்ளும் செல்கள் அங்கே அதிகம் என்பதுதான் காரணம்.

49 பேர் 20 ஆகக் குறைந்தது பெரிய விஷயம்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 20 பேரும் சுன்னத் செய்துகொண்டவர்கள் என்பதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பரிந்துரையும் எச்.ஐ.வி. மிகப் பரவலாக இருந்த கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளை மனதில் வைத்தது. அங்கேயும் அறுவையை மட்டும் கொடுக்கச் சொல்லவில்லை. பரிசோதனை, ஆலோசனை, ஆணுறை எல்லாம் சேர்த்தே கொடுக்கச் சொன்னார்கள்.

அடுத்து, உங்கள் மனைவி. பெண்ணிடமிருந்து ஆணுக்கு வருவதைத்தான் இந்த அறுவை குறைக்கிறது. உங்களுக்குத் தொற்று வராமல் இருந்தால் அவருக்கும் நல்லது, அவ்வளவுதான். உங்களுக்கு ஏற்கெனவே வந்திருந்தால், சுன்னத் அவரைக் காப்பாற்றாது.

காயம் ஆறும் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'மறுநாளே எல்லாம் சகஜம்' என்று சொல்லியிருக்கிறார்கள். உகாண்டாவின் ராக்காயில், ஏற்கெனவே எச்.ஐ.வி. இருந்த ஆண்களுக்கு முன்தோலை நீக்கிவிட்டு, தொற்று இல்லாத அவர்களுடைய துணைவியரைக் கவனித்தார்கள். காயம் ஆறுமுன் உறவு வைத்துக்கொண்ட 18 தம்பதிகளில் 5 பெண்களுக்கு ஆறு மாதத்துக்குள் தொற்று வந்தது. ஆறும்வரை பொறுத்திருந்த 63 தம்பதிகளில் 6 பேருக்கு. எண்ணிக்கை சிறியது, ஆனாலும் எனக்கு அதைப் படித்தபோது வயிறு கலங்கியது. திறந்த காயம் கிருமிக்குத் திறந்த கதவு. உங்களிடமிருந்து போகவும் வழி, உங்களுக்கு வரவும் வழி. லேசரில் வெட்டினாலும் கத்தியில் வெட்டினாலும் வளையக் கருவி மாட்டி முன்தோலை நீக்கினாலும் குறைந்தது ஆறு வாரம் உறவு கூடாது. சுயஇன்பமும் கூடாது. இரண்டாவது வாரம் வலி போய்விடும், தையல் உதிரும், பார்ப்பதற்கு ஆறிய மாதிரியே இருக்கும். தோல் அப்போதும் உறுதியாகியிருக்காது. பதினோராம் நாள் ரத்தம் ஒட்டிய துணியோடு ஒருவர் என்னிடம் ஓடி வந்தார். 'ஆறிடுச்சுன்னு நினைச்சேன் டாக்டர்' என்றார். தையல் போட்ட இடம் ஒரு விரல் அகலத்துக்குப் பிரிந்திருந்தது. ஆறு வாரம் என்று அவருக்கு அறுவை செய்த இடத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அவருடைய மனைவிக்கும் சொல்லவில்லை.

நான் இதில் கோபப்படுவது இப்படி விளம்பரம் செய்து ஆள் பிடிப்பவர்கள் மேல் மட்டும் இல்லை. பொதுச் சுகாதாரத் துறையில் இருப்பவர்களும் எத்தனை அறுவை நடந்தது என்று எண்ணுவதில் காட்டும் அக்கறையை, வந்தவரை உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசுவதில் காட்டுவதில்லை. ஆலோசகர் நாற்காலி காலியாக இருக்கும், படிவத்தில் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று கையெழுத்து மட்டும் இருக்கும். உங்களைப் போன்றவர்கள் விளம்பரத்தை நம்பிப் போவது இதனால்தான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நாளைக்கே எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று இல்லை என்று வந்தாலும், கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு முறை செய்ய வேண்டும். அதுவரை மனைவியோடு ஆணுறை இல்லாமல் சேராதீர்கள். தொற்று இருந்தால் அன்றைக்கே மாத்திரை தொடங்கலாம். தொடர்ந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவில் உங்கள் மனைவிக்குப் பரவாது.

வெளியூர் வாழ்க்கை தொடரும் என்றால், தொற்று வருமுன்பே சாப்பிடும் 'ப்ரெப்' மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டால் அது தரும் பாதுகாப்பு சுன்னத்தைவிட அதிகம். எப்போதாவது ஆணுறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால், தொற்றைத் தடுக்க 28 நாள் மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது.

இதற்கெல்லாம் பிறகும் சுன்னத் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள், சரியாகச் செய்தால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. முன்தோல் பின்னால் போகாமல் இறுகியிருந்தால் அது தனி வைத்தியம், அதற்கு எச்.ஐ.வி. கணக்கே தேவையில்லை. ஆனால் முதலில் பரிசோதித்து, ஆறு வாரம் என்று தாங்களாகவே சொல்லும் இடமாகப் பாருங்கள். கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தப் பணம் போனால் போகட்டும், அதற்காக அங்கே போய்ப் படுத்துவிடாதீர்கள்.