மாமாவின் வரம்பும் திருவாதிரையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது மட்டக்களப்பு நகரில் தங்கிப் படிக்கிறேன். அம்மாவுக்குச் சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் வயல் எங்கள் வட்டையில் இருக்கிறது. அடுத்த துண்டு அம்மாவின் அண்ணனுடையது. சென்ற மாரிப்போகத்தில் வரம்பு கட்டியபோது மாமா அதை எங்கள் பக்கம் ஓரடி தள்ளிக் கட்டிவிட்டார். அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அன்றிரவு எங்கள் குடும்ப வட்சப் குழுவுக்கு ஒரு காணொளி அனுப்பினார். பூமிக்குப் பக்கத்தில் சூரியன், சூரியனுக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிய நட்சத்திரம், அதற்குப் பக்கத்தில் இன்னும் பெரியது என்று போய், கடைசியில் பூமி கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. கீழே மாமா ஒரு வரி எழுதியிருந்தார்: "இவ்வளவு பெரிய அண்டத்தில் ஓரடி மண்ணுக்கா சண்டை?"

அம்மா அழுதுவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தபின் எனக்கும் எல்லாமே அற்பமாகத் தோன்றத் தொடங்கிவிட்டது. இரவில் உறக்கம் வரவில்லை. அதில் காட்டியது உண்மையா? உண்மை என்றால் மாமா சொல்வதும் சரிதானா?

வாசகி,
படுவான்கரை

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் மாமாவை எனக்குப் பிடித்துவிட்டது. வரம்பைத் தள்ளியவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். அதற்கு நட்சத்திரங்களைச் சாட்சிக்கு அழைத்தவரை இப்போதுதான் காண்கிறேன்.

காணொளியில் காட்டியது பெரும்பாலும் உண்மை. பூமியின் குறுக்களவு 12,742 கிலோமீற்றர். சூரியனுடையது அதைப்போல் 109 மடங்கு. கன அளவில் பார்த்தால் 13 லட்சம் பூமிகள் சேர்ந்தால்தான் ஒரு சூரியன். வரிசையின் கடைசிப் பக்கத்தில் சிவந்து பருத்த ஒன்று வந்திருக்குமே, பெற்றல்ஜூஸ் என்று? அது நம் பஞ்சாங்கத்துத் திருவாதிரைதான். அகலத்தில் சூரியனைப்போல் ஏறத்தாழ 700 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

ஆனால் அந்த வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று காணொளி சொல்லியிருக்காது. திருவாதிரையில் உள்ள மொத்தப் பொருள் சூரியனில் உள்ளதைப்போல் இருபது மடங்குகூட இல்லை என்பதே இன்றைய கணிப்பு. இருபது மடங்குப் பொருளை 700 மடங்கு அகலத்துக்கு ஊதினால் என்ன ஆகும்? சராசரியாகப் பார்த்தால் நாம் சுவாசிக்கும் காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு ஐதான ஒரு புகைமூட்டம். அதற்குச் சரியான விளிம்புகூடக் கிடையாது. எங்கே நட்சத்திரம் முடிகிறது, எங்கே வெளி தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. 2019 கடைசியில் அது மங்கத் தொடங்கியது. 2020 பெப்ரவரியில் வெறுங்கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. வெடிக்கப்போகிறது என்று உலகம் முழுவதும் எழுதினார்கள். அது தானே வெளியே கக்கிய பொருள் தூசாக உறைந்து அதன் முகத்தை மறைத்திருந்தது என்று பிறகு தெரிந்தது. காணொளியில் அதை ஒரு பளிங்குருண்டை போல் உருட்டிக் காட்டுகிறார்கள். அது முதற் பொய்.

இரண்டாவது பொய் பெரியது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. அண்டத்தில் பயப்பட வேண்டியது ஏதாவது இருந்தால் அது உருண்டைகளின் பருமன் அல்ல, அவற்றுக்கு நடுவில் கிடக்கும் வெறுமை. அதைக் காட்ட எந்தத் திரையும் போதாது. கல்லடிக் கடற்கரை ஓரளவுக்குப் போதும்.

இதை நானே ஒருமுறை பேரப்பிள்ளைகளை வைத்துச் செய்து பார்த்தேன். உரிக்காத தேங்காய் ஒன்றை மணலில் வைத்தோம். அதுதான் சூரியன், 22 சென்ரிமீற்றர். அந்தக் கணக்கில் பூமி இரண்டு மில்லிமீற்றர், ஒரு கடுகு. அதைத் தேங்காயிலிருந்து இருபத்துமூன்றரை மீற்றர் தள்ளி, என் நடைக்கு முப்பது எட்டில், ஒரு வெள்ளைத் தாளில் வைத்தோம். சந்திரன் ஒரு ரவைத் துகள். கடுகுக்கும் அதற்கும் இடைவெளி ஆறு சென்ரிமீற்றர், மூன்று நான்கு விரல் அகலம். மனிதன் இதுவரை போன தூரம் அந்த விரல் அகலம்தான். வியாழன் ஒரு நெல்லிக்காய். அதை வைக்க 120 மீற்றர் நடக்க வேண்டியிருந்தது. நெப்டியூனுக்கு 700 மீற்றர். சின்னவள் பாதி வழியிலேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. பூமி மணலில் எங்கேயோ தொலைந்துபோயிற்று. தேங்காய் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

சரி, நமக்கு மிக அருகிலுள்ள அடுத்த நட்சத்திரக் கூட்டம் அல்பா சென்டோரி. அதில் தேங்காய் அளவில் இரண்டும், தேசிக்காய் அளவில் ஒன்றும் உண்டு. அவற்றை எங்கே வைக்க வேண்டும் தெரியுமா? கல்லடியிலிருந்து 6,500 கிலோமீற்றருக்கு அப்பால். நேர்கோட்டில் போனால் ஏறத்தாழ டோக்கியோ. கல்லடியில் ஒரு தேங்காய், டோக்கியோவில் இரண்டு தேங்காய், நடுவில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. 1977 செப்டெம்பரில் புறப்பட்ட வொயேஜர் 1 விண்கலம் விநாடிக்கு 17 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டேயிருக்கிறது; ஏறத்தாழ 2,500 கோடி கிலோமீற்றர் போய்விட்டது. நம் கணக்கில் அது நான்கு கிலோமீற்றர். கல்லடியில் புறப்பட்டுக் காத்தான்குடியை எட்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் பால்வீதியின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு; ஒளி ஒரு வருடத்தில் ஓடும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு. பூமியைக் கடுகாகச் சுருக்கிய அதே கணக்கில் பால்வீதியையும் சுருக்கினால் எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்த்தேன். 15 கோடி கிலோமீற்றர் வந்தது. உண்மையான பூமிக்கும் உண்மையான சூரியனுக்கும் உள்ள தூரம் அது! பூச்சியத்தைக் கூட்டிப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மூன்று தடவை சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

உறக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அது வந்து போன காய்ச்சல்தான். பதின்மூன்று பதினான்கு வயதில் அப்பாவோடு வயற்காவலுக்குப் போவேன். யானைக் காவல். அப்போது அந்தப் பக்கம் மின்சாரம் கிடையாது. பரணில் ஏறிப் படுத்தால் பால்வீதி ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொட்டிக் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் ஒளியாண்டு என்ற சொல்லைப் புதிதாகப் படித்திருந்தேன். ஓரிரவு அதை நினைத்துக்கொண்டே கிடந்ததில் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. கீழே விழுந்துகொண்டேயிருப்பது போல் ஒரு பயம். அப்பாவை எழுப்பி, "இதெல்லாம் எவ்வளவு தூரம் அப்பா?" என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "யானை வருகிற பக்கத்தைப் பார்" என்றார். அதைவிட நல்ல பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்போது மாமாவுக்கு வருவோம். அவர் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டார்: டோக்கியோவில் தேங்காய் இருப்பது எப்படித் தெரிந்தது? யாரும் போய்க் கயிறு பிடிக்கவில்லையே.

கிரான் பக்கம் பஸ்ஸில் போகும்போது யன்னலால் பார்த்திருப்பீர்கள். வீதியோரத்து மரங்கள் பின்னால் ஓடும். தூரத்துக் குடும்பிமலை நின்ற இடத்தில் நிற்கும். அந்த வித்தைதான். பூமி ஆறு மாதத்தில் சூரியனுக்கு மறுபக்கம், 30 கோடி கிலோமீற்றர் தள்ளிப் போய்விடுகிறது. தை மாதம் பார்த்த நட்சத்திரத்தை ஆடியில் பார்த்தால், கிட்ட இருப்பது தூரத்து நட்சத்திரங்களுக்கு முன்னால் கொஞ்சம் விலகித் தெரிய வேண்டும். விலகலையும் பூமி நகர்ந்த தூரத்தையும் வைத்து முக்கோணம் போட்டால் தூரம் வந்துவிடும். நில அளவையாளர் உங்கள் வட்டையில் வந்து போடுகிற அதே முக்கோணம்.

விலகல் எவ்வளவு? மிக அருகிலுள்ள நட்சத்திரத்துக்கே, வானியலாளர் கணக்கில் எடுக்கும் கோணம் ஒரு பாகையை 4,800 துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டுதான். நம் அளவில், கல்லடியில் தேங்காய்க்கும் கடுகுக்கும் உள்ள இடைவெளியை டோக்கியோவில் நின்று பார்ப்பது. கோப்பர்நிக்கஸ் காலத்திலிருந்து இதைத் தேடினார்கள். முந்நூறு வருடம்போல் அகப்படவில்லை. நன்னம்பிக்கை முனையில் இருந்த தாமஸ் ஹென்டர்சன் 1832, 33இல் அல்பா சென்டோரியை அளந்துவிட்டார். ஆனால் கருவியின் பிழையோ என்று சந்தேகப்பட்டுக் கணக்கை வைத்துக்கொண்டே இருந்தார். 1838இல் பெசல் என்ற ஜேர்மானியர் வேறொரு நட்சத்திரத்துக்கு அளந்து வெளியிட்டுவிட்டார். முதல்வர் என்ற பெயர் அவருக்குப் போனது. ஹென்டர்சன் 1839இல்தான் வெளியிட்டார். பாவம் மனிதர். இருந்தாலும் அந்தச் சந்தேகத்துக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை அதிகம்.

ஆக, அண்டம் இவ்வளவு பெரியது என்று மாமாவுக்குத் தெரியவந்தது, மயிரிழை விலகலை "இதென்ன பெரிய விடயம்" என்று தள்ளாத ஆட்களால். அவர்கள் கண்டுபிடித்ததை எடுத்துக்கொண்டு ஓரடி ஒரு பொருட்டா என்று கேட்கிறார். பொருட்டில்லை என்றால் அந்த ஓரடியை அவர் திருப்பிக் கொடுத்துவிடலாமே! பெரியதைக் காட்டிச் சிறியதன் வாயை அடைப்பவர்களிடம் ஒரு பழக்கம் பார்த்திருக்கிறேன்: அண்டத்தின் பருமன் அவர்கள் பக்கத்து வரம்பில் மட்டும் ஏறாது.

நடைமுறைக்கு ஒன்று. வரம்பு 300 அடி நீளம் என்று வைத்தாலே, ஓரடிக்கு ஒரு பேர்ச்சுக்கு (ஏறத்தாழ 272 சதுர அடி) மேல் போகிறது. யாரும் தடுக்காமல் பத்து வருடம் ஆண்டுவந்தால் உரிமை கோர நம் நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே அம்மா அழுதுகொண்டிருக்க வேண்டாம். வயல்வெளியின் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டை விதானையிடம் ஒரு சொல் சொல்லிவையுங்கள். அடுத்த விதைப்புக்கு முன் காணி உறுதிப் பத்திரத்தில் உள்ள வரைபடத்தோடு நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். மாமாவையும் மரியாதையாகக் கூப்பிடுங்கள். கயிற்றின் ஒரு முனையை அவரே பிடிக்கட்டும்.

அதற்கு முன் வைகாசி வரும். கண்ணகி அம்மன் சடங்குக்கு ஊருக்குப் போவீர்கள், மாமாவும் வருவார். மாதக் கடைசியில் இரவு பத்து மணி போல் இருவரும் கோயில் வெளிச்சத்தை விட்டுத் தள்ளிப்போய்த் தெற்கே பாருங்கள். அடிவானத்துக்கு மேலே, கையை நீட்டி விரித்தால் ஒரு சாண் உயரத்தில், இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இடப்பக்கத்தில் இருப்பதுதான் அல்பா சென்டோரி. நீங்கள் பார்க்கும் ஒளி அங்கிருந்து புறப்பட்டு நான்கு வருடத்துக்கு மேலாகிறது. அது புறப்பட்ட அன்று வரம்பு பழைய இடத்தில்தான் இருந்தது என்று மாமாவிடம் சொல்லுங்கள்.