பன்னிமென் பிடித்தவருக்கு அடுத்து தி சவுண்ட்

எக்கோ அண்ட் தி பன்னிமென், ஜாய் டிவிஷன் என்ற இரண்டு பிரிட்டிஷ் ராக் குழுக்களையும் கேட்டு முடித்தாயிற்று, நியூ வேவ் (பங்க் இசைக்குப் பின் வந்த ராக் வகை) பட்டியல் எதைத் திறந்தாலும் அதே பாடல்கள்தான் வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். பட்டியல்களை விடுங்கள். ஆல்பத்தில் வேலை செய்தவர்களின் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

பன்னிமென்னின் 'ஹெவன் அப் ஹியர்' ஆல்பம் உங்களுக்கு உயிர் என்கிறீர்கள். அதைத் தயாரித்த ஹியூ ஜோன்ஸ் அதே 1981இல், அதே கொரோவா இசைத்தட்டு நிறுவனத்துக்காக, லண்டன் குழுவான தி சவுண்டின் 'ஃப்ரம் தி லயன்ஸ் மவுத்' ஆல்பத்திலும் வேலை செய்தார். அங்கிருந்து தொடங்குங்கள். முதல் பாட்டு 'வின்னிங்'. பேஸ் கிடாரும் கீபோர்டும் நிதானமாக நடக்க, ஏட்ரியன் போர்லண்ட் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்வதுபோல் பாடுவார். அந்தக் குரலில் துளிகூடப் பாவனை கிடையாது. இப்படி ஒரு குழு பெரிய ஹிட் எதுவும் இல்லாமலே 1988இல் கலைந்துபோனது எனக்கு இன்னும் ஆறவில்லை. தேடும்போது ஆல்பம் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். குழுவின் பெயரை மட்டும் போட்டால் சம்பந்தமில்லாததெல்லாம் வரும்.

அப்புறம் மான்செஸ்டர் பக்கத்து மிடில்டனிலிருந்து வந்த தி கமீலியன்ஸ் குழு. 1983இல் வந்த 'ஸ்கிரிப்ட் ஆஃப் தி பிரிட்ஜ்' ஆல்பத்தில் இரண்டு கிடார்களும் பின்னிக்கொள்ளும் அழகுக்காகவே 'செகண்ட் ஸ்கின்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். ஜாய் டிவிஷனின் வெறுமைதான் வேண்டுமென்றால், ஷெஃபீல்டின் காம்சாட் ஏஞ்சல்ஸ் குழு 1980இல் வெளியிட்ட 'வெயிட்டிங் ஃபார் எ மிராக்கிள்' ஆல்பம் சரியாக இருக்கும்.