பாலிசி இருந்தும் கைக்காசு 44,000 போனது ஏன்?

கேள்வி: என் கணவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. பில் 1,00,000. ஐந்து லட்சத்துக்கு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். கம்பெனி கொடுத்ததோ 56,000தான். மீதிக்குக் கடன் வாங்கினோம். இனி பிரீமியமே கட்ட வேண்டாம் என்கிறார் அவர். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய செட்டில்மென்ட் தாளில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம் போன்றவை பாலிசியில் சேராது என்று 10,000 கழித்திருக்கிறார்கள். மீதி 90,000இல் டிடக்டிபிள் 20,000, அதாவது முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை. அதுபோக நின்ற 70,000இல் 20 சதவீதம் கோ-பே, அதாவது ஒவ்வொரு பில்லிலும் உங்கள் பங்காகக் கட்ட வேண்டிய சதவீதம், அது 14,000. மூன்றையும் கூட்டினால் 44,000 உங்கள் தலையில். பாலிசி விற்றவர் ஐந்து லட்சத்தைச் சொன்னார், இந்தக் கழிவுகளைச் சொல்லவில்லை. என் வருத்தமெல்லாம் அதில்தான்.

இப்போது விட்டுவிட்டு இரண்டு வருஷம் கழித்துப் புதிதாக எடுத்தால் வயது கூடியிருக்கும், பிரீமியமும் கூடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்களுக்குப் பணம் கிடைக்காத ஆரம்பக் காலம், பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கும். அதைவிடப் புதுப்பிக்கும்போது, கோ-பே இல்லாமல் எடுத்தால் பிரீமியம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கூடுதல் தொகை உங்களுக்குக் கட்டுப்படியானால் மாறிக்கொள்ளுங்கள். எப்படியும் டிடக்டிபிள் அளவுக்காவது பணம் தனியாக இருக்கட்டும். தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் அட்மிட் ஆகும் முன்பே எதெல்லாம் கழியும் என்று கம்பெனியிடம் கேட்டுவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் அப்பாவை ஒருமுறை சேர்த்தபோது, 'சர்க்கரை எத்தனை வருஷமா?' என்று டியூட்டி டாக்டர் கேட்டார். வலியில் இருந்தவர், 'அது இருக்கும் பத்து வருஷமா' என்றார். உண்மையில் மூன்று வருஷம்தான். பாலிசிக்கு வயது ஐந்து. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பத்து' என்று ஏறியதால், நோயை மறைத்துப் பாலிசி எடுத்ததாகச் சொல்லி க்ளெய்மை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேடி எடுத்துக் காட்டிய பிறகுதான் பணம் வந்தது. சம்மரியில் கையெழுத்துப் போடும் முன் தேதிகளையும் வருஷங்களையும் நிதானமாகப் படியுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு பிரஷர், சர்க்கரை. மாதாமாதம் மாத்திரைக்கும் டெஸ்டுக்குமே சம்பளத்தில் பெரும்பகுதி போகிறது. கோ-பே அதிகமுள்ள பாலிசிக்கு மாறினால் பிரீமியமாவது மிச்சமாகுமா?

பதில்: மிச்சமாகும், ஆனால் உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். 1970களில் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. கையிலிருந்து பங்கு கட்ட வேண்டியவர்கள் தேவையற்ற சிகிச்சையைக் குறைத்ததுபோலவே தேவையான சிகிச்சையையும் குறைத்துக்கொண்டார்கள். செலவுக்குப் பயந்து டாக்டரிடம் போவதை அம்மா தள்ளிப்போட்டால் பிறகு ஆஸ்பத்திரி பில்லாக வந்து நிற்கும்.

குடும்பச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குக் கைக்காசு போனால் அதைப் பெரும் சுமையாகக் கணக்கிடுவது உலக அளவில் உள்ள ஓர் அளவுகோல். உங்கள் வீடு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான ஆஸ்பத்திரி பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும், மாதச் செலவைத் தொடாது. ஆகவே அதைக் குறைக்க வேறு வழி பார்க்க வேண்டும். டாக்டரிடம் மாத்திரைச் சீட்டை நீட்டி, பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தர முடியுமா, எந்த டெஸ்டை இடைவெளி விட்டு எடுக்கலாம் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். அவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தவோ பாதியாக்கவோ வேண்டாம்.