ஆயா வீட்டுக்கு விருந்தாளியாக அனுப்பாதீர்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறோம். மகனுக்கு 8 வயது. மாமனார், மாமியார் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டில். மாதம் இரண்டு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறோம். ஆயாவிடம் (பாட்டியிடம்) தமிழ் கற்றுக்கொள்வான் என்று பார்த்தால் இருவரும் இங்கிலீஷிலேயே பேசிக்கொள்கிறார்கள். போனிலும் 'சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா' என்பதோடு சரி. என்ன செய்யலாம்?

பதில்: பேரன் வருகிறான் என்றால் ஆயா சமைத்து முடித்துவிட்டுக் காத்திருப்பார். அவன் சாப்பிடுவான், டேப்லெட்டை எடுப்பான். அப்புறம் பேச என்ன இருக்கிறது? கையில் வேலை இருந்தால்தான் வாயில் பேச்சு வரும். சனிக்கிழமை காலையே விட்டுவிடுங்கள், இரவு அங்கேயே தங்கட்டும்.

வீடு முழுக்கத் தமிழ் என்று சட்டம் போடாதீர்கள். மாலைக்குள் ஆயாவே மீறிவிடுவார். அடுப்படியில் மட்டும் தமிழ் என்றால் நிற்கும். எடு, ஊத்து, கிண்டு, மூடு, போதும். இப்படி ஏவும் சொற்களில் தொடங்கினால் பையன் பதில் பேச வேண்டியதில்லை, செய்தால் போதும். அவன் இங்கிலீஷில் ஏதாவது சொன்னால் திருத்த வேண்டாம். அதையே ஆயா ஒருமுறை தமிழில் சொல்லிவிட்டு வேலையைத் தொடரட்டும். 'எங்கே, தமிழ்ல பேசிக் காட்டு' என்று வந்தவர்கள் முன்னால் நிறுத்துவதுதான் பெரிய கெடுதல்.

ஆடி மாதம் வந்தால் மாரியம்மன் கூழையே பாடமாக வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை காலை ஒரு கப் கேழ்வரகு மாவை இரண்டு கப் தண்ணீரில் கரைக்க வேண்டும். அளப்பதும் கட்டியை விரலால் நசுக்குவதும் பையனின் வேலை. தமிழ்நாட்டில் ஓர் இரவிலேயே புளித்துவிடும். இங்கே ஆடி என்பது குளிர்காலம், ஒரு முழு நாளாவது விட வேண்டும். அவசரப்பட்டுக் காய்ச்சினால் புளிப்பே இல்லாத வெறும் களிதான் கிடைக்கும். காலையிலும் இரவிலும் பானையைத் திறந்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள். 'புளிச்சிடுச்சா?' 'இன்னும் இல்ல ஆயா.' அந்த இரண்டு வாக்கியமும் அவனுக்கு மறக்காது.

ஞாயிறு காலை அரை கப் நொய்யை நாலு கப் தண்ணீரில் குழைய வேகவிட்டு, கரைசலை ஊற்றி, தீயைக் குறைத்து விடாமல் கிண்ட வேண்டும். கை நின்றால் அடி பிடிக்கும். கொதிக்கும் கூழ் தெறிக்கும் என்பதால் இந்தக் கட்டத்தில் பையன் இரண்டடி தள்ளி நிற்கட்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வருவதுதான் பதம். அதை ஆயா பார்ப்பார். ஆறிய பிறகு தயிர், உப்பு, நறுக்கிய வெங்காயம். மீலி மாவில் (மக்காச்சோள மாவில்) செய்கிற வீடுகளும் உண்டு. அது வேக இன்னும் நேரமாகும்.

போனில் நலம் விசாரிப்பதை விடுங்கள். ஆயா கீரை ஆயும்போது வீடியோவில் கூப்பிடுங்கள், இவன் இந்தப் பக்கம் பீன்ஸ் நார் எடுக்கட்டும். பேச்சு தானாக வரும்.

கேள்வி: பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் முன்னோர் 'மெட்ராஸ்' என்று மட்டும் தெரியும். ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: மெட்ராஸ் பெரும்பாலும் கப்பலேறிய துறைமுகம்தான், சொந்த ஊர் அல்ல. 1860 நவம்பர் 16-இல் டர்பன் வந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் சுமார் 1,52,000 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு எல்லாம் எழுதப்பட்டிருக்கும். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் பார்க்கலாம். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள் இதில் இருக்க மாட்டார்கள்.

கோவெந்தர், மூட்லி என்று குடும்பப் பெயரை வைத்துத் தேடிப் பலர் ஏமாறுகிறார்கள். பட்டியலில் இருப்பது அவரவர் பெயரும் தகப்பன் பெயரும்தான். முதலில் தாத்தாவின் பெட்டியில் பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைத் தேடுங்கள். அந்த எண் அவற்றில் குறிக்கப்பட்டிருப்பது உண்டு. எண் கிடைக்காவிட்டால் பெயரை நாலைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். முனியம்மா என்பது மூனியம்மா, மொனியம்மா என்றெல்லாம் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி இருக்கும்.

ஜில்லா 'வட ஆற்காடு' என்றிருந்தால் இன்றைய வரைபடத்தில் அப்படி ஒரு மாவட்டம் இல்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகியவற்றிலும், ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கமும் தேட வேண்டும். தாலுகா தெரியாமல் கிராமத்தை நம்பாதீர்கள். புதூரும் நல்லூரும் எத்தனை! பட்டியலில் சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அதைக் குழந்தையின் மரத்தில் ஏற்ற வேண்டிய அவசியம் எங்களுக்குத் தெரியவில்லை.

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வாழும் குடும்பங்கள் அங்கே வருவதற்கு முன் இருந்த தெருவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் கிளப்பப்பட்ட வீடுகள் பலவற்றுக்கு இப்போது பெரியவர்களின் நினைவுதான் முகவரி.

கேள்வி: தாத்தாவின் ஆல்பத்தில் படங்கள் ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன.

பதில்: இழுக்காதீர்கள். ஒட்டியிருக்கும் நிலையிலேயே முதலில் போனில் படமெடுத்து வையுங்கள். பிறகு பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை ஒரு மூலையில் நுழைத்து மெல்ல அறுத்து வாருங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும்; மென்மையான பென்சில் நல்லது. படத்தில் இருப்பவர்கள் யார் என்று தாத்தா சொல்லச் சொல்லப் பேரனே எழுதட்டும், எழுத்துப்பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை.